பக்கத்து நாற்காலி

— “கச்சேரில, கூட்டத்துக்கு முன்னாடி எப்பவாவது தனியா வாசிச்சிருக்கீங்களா?” பிரின்சிபல் மேடம் இதைத்தானே அண்ணா கேட்டாங்க? நான் ஒண்ணும் தப்பாப் புரிஞ்சுக்கலையே?

— இதைத்தான் கேட்டாங்க. அந்த ப்ரஷ்ஷைக் கீழ வை, பாப்பா. இண்டர்வியூவுக்கு வந்தவ மியூசிக் காலேஜ் ட்ரம்பெட்டையெல்லாம் கழுவிக்கிட்டு நிக்கற. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?

— வேலை கிடைச்சிடுச்சுன்னு நினைப்பாங்க. கழுவற வேலை.

— இங்க பாரு, இதுக்குத்தான் உன்னை வீட்டுக்குப் போன்னு சொன்னேன். முடிவு தெரிஞ்சதும் நானே போன் பண்ணியிருப்பேன்ல.

— கை சும்மா இருந்தா அழுகை வரும். இதைக் கழுவிக்கிட்டு இருந்தா வராது. தண்ணி ஏன் இவ்வளவு சூடு? பாலிஷ் உரிஞ்சிடும். பசங்க வாத்தியம்னா எப்படி வேணா போகட்டும்னா?

— வெதுவெதுப்பாத்தான் விட்டேன்.

— கையை வெச்சுப் பாரு.

— சரி, சூடுதான். என் கவனம் இங்க இல்ல.

— எனக்கும் இல்ல. அவங்க ரெண்டாவது தடவை ஏன் கேட்டாங்க? நான்தான் முதல் தடவையே இல்லன்னு சொல்லிட்டேனே. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஒரு தடவைகூடவா இல்ல?”ன்னாங்க. அப்போ என்னைப் பார்க்கவே இல்ல. உன்னைப் பார்த்தாங்க.

— அவங்களுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். பார்த்திருப்பாங்க.

— நீ ஃபேனைப் பார்த்த.

— வேற என்ன பண்ணச் சொல்ற? நீயே இல்லன்னுட்ட. அதுக்கு மேல நான் எதைச் சொல்றது?

— நான் இல்லன்னதுக்கும் நீ ஃபேனைப் பார்த்ததுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருந்துச்சு, அண்ணா. வேணும்னேதான் விட்டேன். நீ அதுல ஏதாவது பேசுவன்னு.

— அதுக்குள்ள இண்டர்வியூ பண்ண வந்த அந்த வெளியூர்ப் பெரியவர் பேனாவை மூடிட்டார்.

— அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ரூல் அதுதானே. மேல் வகுப்புக்குச் சொல்லிக்குடுக்கறவங்க ஆர்க்கெஸ்ட்ராவோட தனி வாசிப்பு பண்ணியிருக்கணும். நான் வாசிச்சுக் காட்டினப்போ கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டினார், பார்த்தியா? அப்புறம் காகிதத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமும் ரெண்டாவது ட்ரம்பெட்தானான்னு கேட்டார். ஆமாங்கன்னேன். ரொம்ப மரியாதையா ஒரு சிரிப்புச் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்கு அவர் என்னை அடிச்சிருக்கலாம்.

— நல்லா வாசிச்ச. இண்டர்வியூவுக்கு வந்த அந்த டை கட்டின பையனைவிட நல்லாத்தான் வாசிச்ச.

— அவனை ஒண்ணும் சொல்லாத. பாவம், வெளிய பெஞ்சுல உக்காந்து மவுத்பீஸை உள்ளங்கைக்குள்ள வெச்சு சூடு பண்ணிக்கிட்டே இருந்தான். நான் யாருன்னு தெரிஞ்சதும் எழுந்து நின்னுட்டான். “சாரோட தங்கையா? சாரோட அந்த ரெக்கார்டிங் கேட்டுத்தான் நான் ட்ரம்பெட்டே எடுத்தேன்”னான். அதுல கடைசியா ஒரு ஏத்தம் வருமே, அதை எப்படி மூச்சு வாங்காம வாசிச்சார், வீட்ல எப்பவாவது சொல்லியிருக்காரான்னு கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— மூச்சு வாங்கினதுதான், மைக்குக்குத் தெரியாத மாதிரி வாங்கினதுன்னு சொன்னேன். எந்த இடத்துலன்னும் சொன்னேன். விரலால தொடையில தட்டிப் பார்த்துக்கிட்டான்.

— பாப்பா.

— என்ன? உண்மைதானே. யார் வாங்கின மூச்சுன்னு அவன் கேக்கல.

— அதைப் பத்திப் பேசறதில்லன்னு இருந்தோம்.

— இருந்தோமா? அப்படி எப்போ உக்காந்து பேசினோம்? நீ பேசல, நானும் பேசல. அவ்வளவுதான்.

— அன்னிக்கு என் உதடு இருந்த இருப்பு உனக்குத் தெரியாதா?

— தெரியும். மேல் உதட்டுல பட்டாணி அளவுக்குக் கொப்புளம். மவுத்பீஸ் நேரா அது மேலதான் வந்து உக்காரணும். ரேடியோக்காரங்க மைக்கெல்லாம் வெச்சாச்சு, ஹால் நிறைஞ்சாச்சு. மூணாவதா உன்னோட தனி வாசிப்பு. ஆரம்பிக்கக் கொஞ்சம் முன்னாடி நீ சுண்டுவிரலைத் தூக்கின.

— அது பழக்கம்தானே. முதல் நாற்காலிக்காரனுக்கு உதடு களைச்சா விரலைத் தூக்குவான், பக்கத்துல இருக்கறவங்க அந்த இடத்தை எடுத்துக்குவாங்க. எல்லா ஊர்லயும் இருக்கறதுதான்.

— எல்லாரும் சேர்ந்து சத்தமா வாசிக்கற இடத்துல எடுத்துக்குவாங்க. தனி வாசிப்புல யாரும் தூக்க மாட்டாங்க. நீ தூக்கின. நானும் எடுத்துட்டேன். யோசிக்கக்கூட இல்ல. நீ ட்ரம்பெட்டைத் தூக்கி வாயில வெச்சு வால்வை அமுக்கிக்கிட்டு இருந்த. நான் குழல் முனையை உன் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இறக்கி வெச்சுக்கிட்டு வாசிச்சேன். கடைசி வரிசை நாம ரெண்டு பேர்தான். முன்னாடி இருக்கறவங்க யாரு திரும்பிப் பார்க்கப் போறாங்க. எதிர்ல நின்னு குச்சி பிடிச்சு நடத்தறவருக்கும் ஸ்டாண்டு மறைச்சுடுச்சு.

— உன்னை யாரும் கட்டாயப்படுத்தல.

— இல்ல. அதைத்தான் நானும் சொல்றேன். வாசிச்சப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? முடிஞ்சதும் கை தட்டினாங்க. குச்சி பிடிக்கறவர் உன்னைக் கை காட்டினார். நீ எழுந்து நின்ன. நானும் முழங்கால்ல தட்டினேன், வாத்தியம் கையில இருந்தா நாம தட்டுவோமே அந்த மாதிரி. அப்போகூட ஒண்ணும் தோணல. வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான், இது இனிமே என்னுதுன்னு எங்கயும் சொல்ல முடியாதுன்னு தோணிச்சு.

— சொல்லியிருக்கலாமே. நான் தடுத்தேனா?

— யார்கிட்ட? அதைக் கேட்டு உன்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டாங்க. அண்ணி அப்போ முழுகாம இருந்தாங்க. அந்த நேரத்துல போய், அது அவர் இல்லங்க நான்னு சொல்லணுமா? ரெண்டாவது நாற்காலில உக்காந்தவ தான் எதை வாசிச்சேன்னு வெளிய சொல்ல மாட்டா. சொன்னா அதுக்கப்புறம் அவ பக்கத்துல யாரு நம்பி உக்காருவாங்க? இரு, போன் அடிக்குது. அம்மாதான். என் கை ஈரம், நீயே ஸ்பீக்கர்ல போடு.

— சின்னவளே, என்னடி ஆச்சு? கிடைச்சுதா?

— இன்னும் தெரியலம்மா. அஞ்சு மணிக்குத்தான்.

— பெரியவன் உள்ளதானே உக்காந்திருந்தான்? அப்புறம் என்ன கேள்வி, என்ன பதில். தங்கச்சிக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பானே.

— அண்ணன் பக்கத்துலதாம்மா இருக்கு. நீயே கேளு.

— ஏண்டா, சொன்னியா இல்லியா?

— அம்மா, விஷயம் என்னன்னா, சொந்தக்காரங்களுக்காக அப்படியெல்லாம் பேசக்கூடாது. நல்லா இருக்காது.

— என்ன நல்லா இருக்காது? ரெண்டு பேரும் பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு ஊதி, கீழ் வீட்டுக்காரன் கம்பால மேல தட்டினானே, அது நல்லா இருந்துச்சா? அவனோட சண்டை போட்டு உங்க ரெண்டு பேரையும் ஊத விட்டவ நான். ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் சுளுக்கிக்குமா?

— பார்க்கறேம்மா.

— பாரு. இன்னிக்குக்கூட மாடி வீட்டம்மாவுக்கு உன் ரெக்கார்டிங் போட்டுக் காட்டினேன். கடைசில ஏறுமே, அங்க வந்ததும் காஃபியைக் குடிக்காம அப்படியே வெச்சுட்டாங்க. என் பையன்னேன். சின்னவளே, உன்னையும் சொல்லாம விடல. பக்கத்து நாற்காலில உக்காந்திருந்தது என் பொண்ணுன்னு சொன்னேன்.

— சரிம்மா. காஃபி ஆறிடும், போ. வெச்சிடறேன்.

— அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, பாப்பா. அவங்க பேசறதை மனசுல வெச்சுக்காத.

— ஆஸ்பத்திரியில இருந்தப்போ காதுல மாட்டிக்கிட்டு அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. “கண்ணை மூடினா அவன் மூச்சு தனியாத் தெரியுதுடி, பெத்தவளுக்குத் தெரியாதா”ன்னாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, சொல்லிடலாம்னும் வந்துச்சு. நர்ஸ் ஊசியோட உள்ள வந்துட்டாங்க. அதோட விட்டுட்டேன்.

— நல்லவேளை.

— யாருக்கு?

— சரி விடு. இந்த வேலை இல்லன்னா என்ன, உலகம் முடிஞ்சா போச்சு? ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கறதானே.

— எந்த ஸ்கூல்ல? ஒரு ஸ்கூல்ல மியூசிக் ரூமை எடுத்துக் கம்ப்யூட்டர் வெச்சுட்டாங்க. இன்னொண்ணுல மாடிப்படிக்குக் கீழ, சைக்கிளெல்லாம் விடற இடத்துல வகுப்பு. பெல் அடிச்சா நானும் பசங்களும் சுவரோட ஒட்டிக்குவோம், சைக்கிளெல்லாம் வெளிய போகும். அதுகூடப் பரவாயில்ல. நான் ஒரு பிள்ளைக்குக்கூட முழுசாச் சொல்லிக்குடுத்ததே இல்ல, அண்ணா. உனக்கு அது தெரியுமா?

— என்ன முழுசு?

— ஒரு குழந்தை வரும். மவுத்பீஸை உதட்டுல எங்க வெக்கறதுன்னே மாசக்கணக்காப் போகும். கன்னத்தை உப்பாத, தோளைத் தூக்காதன்னு இன்னும் கொஞ்ச நாள். ஒருநாள் திடீர்னு நல்ல சத்தம் ஒண்ணு வரும். அந்தக் குழந்தையே பயந்து போய் என்னைப் பார்க்கும். இனிமேதான் சொல்லிக்குடுக்க ஏதோ இருக்குன்னு நான் நினைக்கறப்போ அப்பா அம்மா வந்து நிப்பாங்க. “இனி பெரிய வாத்தியார்கிட்ட சேர்க்கலாம்னு இருக்கோம்”பாங்க. பெரிய வாத்தியார் யாரு?

— நான் யாரையும் இழுக்கல.

— நீ எங்க இழுத்த. அந்த ரெக்கார்டிங் இழுக்குது. நான் வாசிச்சதே என் பசங்களை என்கிட்டேருந்து கூட்டிட்டுப் போகுது. இதை யார்கிட்ட சொல்லி அழறது?

— எல்லாப் பிள்ளைங்களையும் நான் நல்லாத்தான் பார்த்துக்கறேன்.

— பார்த்துக்கற. அந்தத் தெத்துப்பல் பொண்ணு இருக்காளே, அவளுக்கு மவுத்பீஸைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வெச்சுப் பழக்கியிருந்தேன். நீ நடுவுல மாத்திட்ட.

— நடுவுலதான் வெக்கணும். புத்தகத்துல அப்படித்தான்.

— புத்தகத்துக்குப் பல் நேரா இருக்கு. அவளுக்கு இல்ல. இப்போ மேல போனா காத்து ஓரமா ஒழுகுது. வரும்போது காரிடார்ல நின்னு வாசிச்சுக்கிட்டு இருந்தா, கேட்டேன். நான் ஒண்ணும் சொல்லல. உன் மாணவியாச்சே. ஆனா அவளே ஒண்ணு சொன்னா. சார் மேல் ஸ்வரத்தையெல்லாம் வாசிச்சுக் காட்ட மாட்டாராம், பாடித்தான் காட்டுவாராம். உன் குரலை அப்படியே பண்ணிக் காட்டினா. சிரிச்சுட்டேன்.

— வகுப்புல உதட்டை வீணாக்கக் கூடாது, பாப்பா. சாயங்காலம் ரிகர்சல் இருக்குல்ல.

— ரிகர்சல்ல மட்டும் வீணாக்கறியாக்கும். இப்பல்லாம் உன் சுண்டுவிரல் கீழ இறங்கறதே இல்ல. பக்கத்துக்குப் பக்கம் தூக்கற. உனக்கு ரெஸ்ட்டு, எனக்கு வேலை. டிரம்ஸ்காரர் என்னை ஸ்பேர் டயர்னு கூப்பிடறாராம், கேள்விப்பட்டியா?

— அவன் கிடக்கறான்.

— எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஸ்பேர் டயராவது எப்பவாவது ரோட்டைப் பார்க்கும்.

— சரி, ஒண்ணு கேக்கறேன். இந்த வேலை கிடைச்சா ஆர்க்கெஸ்ட்ராவை விடணும், தெரியும்ல? என்னுது மாதிரி பகல் வகுப்பு இல்ல இது. எல்லாம் சாயங்காலம். ரிகர்சல் நேரமும் அதுதான்.

— தெரியும். அதைப் படிச்சதும்தான் விண்ணப்பமே போட்டேன்.

— விடறதுக்கு அவ்வளவு சந்தோஷமா?

— சந்தோஷம்னு இல்ல. எப்படிச் சொல்றது. நீ எப்போ மூச்சு வாங்குவன்னு பார்த்துப் பார்த்து, நான் எப்படி வாங்குவேன்னே மறந்துடுச்சு. நீ இழுத்தா இழுக்கணும். நீ முந்தினா முந்தணும். நீ தப்புப் பண்ணினா அதே தப்பை அதே நேரத்துல பண்ணணும், அதுதானே நல்ல ரெண்டாவது நாற்காலி. வீட்ல தனியா வாசிக்கும்போதுகூட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இடது பக்கம் திரும்பிப் பார்க்கறேன். அங்க துணி காயப் போட்டிருக்கு.

— இதெல்லாம் நீ என்கிட்ட சொன்னதே இல்லியே.

— பக்கத்துல உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்றது. இப்போ மணி என்ன?

— நாலே முக்கால் இருக்கும்.

— மேடம் போகும்போது சொன்னதைக் கேட்டியா? “அஞ்சு மணி வரைக்கும் என் ரூம்லதான் இருப்பேன், அதுக்கப்புறம் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன்”னாங்க. காரிடார்ல நின்னு அவ்வளவு சத்தமா எதுக்குச் சொல்லணும்?

— எதுக்குன்னா? சும்மா சொல்லியிருப்பாங்க.

— அண்ணா, மேல போறியா?

— எதுக்கு?

— எதுக்குன்னு உனக்குத் தெரியும். அந்த ரெக்கார்டிங்கைப் பத்திச் சொல்ல வேணாம். அது உன்னோடயே இருக்கட்டும், அம்மாவோடயே இருக்கட்டும். ஒரே ஒரு வரி சொல்லு. “அவ தனியா வாசிச்சிருக்கா, நான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன்.” முதல் ட்ரம்பெட் சொன்னா அவங்க எடுத்துக்குவாங்க. நானே போய்ச் சொன்னா, இல்லன்னு சொல்லிட்டு இப்போ வந்து கதை அளக்கறான்னு நினைப்பாங்க.

— எங்க வாசிச்சா, எப்போ வாசிச்சான்னு கேட்டா?

— மறந்துடுச்சுன்னு சொல்லு. வேற ஊர்ல, யாரோ வரலன்னு கடைசி நேரத்துல வாசிச்சான்னு சொல்லு. பொய்தான். எனக்காக நீ சொல்ற முதல் பொய்யா இருந்துட்டுப் போகட்டும்.

— இங்க பாரு, அவங்க நோண்டி நோண்டிக் கேப்பாங்க. மாட்டிக்கிட்டா என் வேலையும் போகும், உன்னுதும் வராது. இந்தப் பசங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? அந்த டை கட்டின பையன் வேற எழுந்து நின்னான்னு சொல்ற.

— நீ ஒண்ணும் நடுத்தெருவுல நின்னு சொல்லப் போறதில்ல. மாடில ஒரு ரூம். ஒரு அம்மா. ஒரு வரி. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல, அண்ணா. இதைக் கேக்கறேன். எனக்கு ஒரு கதவு போட்ட ரூம் வேணும். மூணாவது வருஷம் நாலாவது வருஷம்னு தங்கி நிக்கற பசங்க வேணும். அவங்க போகும்போது எங்கேருந்து போறோம்னு என் பேரைச் சொல்லணும். உதடு இன்னும் கொஞ்ச நாள்தான் நிக்கும். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சதை யாருக்காவது குடுத்துட்டுப் போறேனே.

— சரி.

— என்ன சரி?

— போறேன். சொல்றேன். அழாத. இந்த வால்வை மட்டும் போட்டுட்டுப் போறேன். பாதில விட்டா காஞ்சு பிடிச்சுக்கும்.

— நான் போடறேன், நீ போ.

— ஈரக் கையோடயா போறது. இரு. எண்ணெய் எங்க?

— உன் கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. மூடி திறந்தே இருக்கு.

— என்னன்னு ஆரம்பிக்கறது? “மேடம், ஒரு நிமிஷம்”னா?

— ஆமா. அவங்க உக்காருங்கம்பாங்க. உக்காராத. உக்காந்தா வேற பேச்சு பேசிட்டு வந்துடுவ.

— “மேடம், என் தங்கச்சி விஷயமா...” நல்லா இல்லியே. சிபாரிசுக்கு வந்த மாதிரி இருக்கு.

— தங்கச்சின்னே சொல்லாத. ரெண்டாவது ட்ரம்பெட்னு சொல்லு.

— ம். இது ஏன் ஊதினா காத்தே போக மாட்டேங்குது? அடைச்சிருக்கா?

— வால்வை மாத்திப் போட்டிருக்க. மூணாவதை முதல்ல போட்டுட்ட. முதல் வருஷப் பசங்க பண்றது. விட்டுட்டுப் போ, அண்ணா.

— இதோ. இதைச் சரியாப் போட்டுட்டா ஆச்சு. அந்த நீளமான ட்ரம்பெட்ல இழுத்து விடற சின்ன ஸ்லைடுக்கு கிரீஸ் வெச்சியா?

— வெச்சாச்சு.

— பெரிய ஸ்லைடுக்கு?

— எல்லாத்துக்கும் வெச்சாச்சு. வாளியும் கவுத்தாச்சு. தரையும் தொடைச்சாச்சு. இனிமே இந்த ரூம்ல செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. நீ இன்னும் அதே வால்வைத் தொடைச்சுக்கிட்டு இருக்க.

— போறேன்னு சொன்னேன்ல. என்னை விரட்டாத. விரட்டினா எனக்கு வார்த்தை வராது.

— நான் விரட்டல.

— சட்டை வேற நனைஞ்சிருக்கு. கொஞ்சம் காயட்டும்.

— அண்ணா, கீழ ஒரு கார் கிளம்புது.

— யாருதாவது இருக்கும்.

— மேடம் கார்தான். பின்னாடி எடுக்கும்போது அப்படிக் கத்தும். காலையில அதுக்குத்தான் நான் ஓரமா ஒதுங்கினேன். இதோ, கேட்டைத் தாண்டிடுச்சு.

— மணி அஞ்சாயிடுச்சா? நான் பார்க்கவே இல்ல, பாப்பா. சத்தியமாப் பார்க்கல.

— கடிகாரம் எனக்குப் பின்னாடி, உன் கண்ணுக்கு நேர்தான் மாட்டியிருக்கு. சரி, போகட்டும். ஒருவேளை கையெழுத்துப் போடாமலே போயிருப்பாங்க. காலையில வந்து போடுவாங்களா இருக்கும். நீ சீக்கிரமா வந்தின்னா...

— போட்டிருப்பாங்க. அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்.

— உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?

— என்கிட்ட சொன்னாங்க.

— எப்போ? காரிடார்லயா?

— நேத்து. கூப்பிட்டு அனுப்பினாங்க. பாப்பா, அன்னிக்கு ரேடியோ கச்சேரில பியானோ யாரு வாசிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா?

— நம்ம பியானோக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு வேற யாரோ ஒரு அம்மா வந்தாங்க. நீளமாப் பின்னல் போட்டுக்கிட்டு. அதுக்கு என்ன இப்போ?

— மேடம்தான் அது. பின்னலை அப்புறம் வெட்டிட்டாங்க. பியானோவை நம்ம பக்கம் சுவரோட ஒட்டிப் போட்டிருந்தாங்க. மூணாவதா வந்த தனி வாசிப்புல பியானோவுக்கு வேலையே இல்ல. சும்மா உக்காந்து நம்ம ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. என் கழுத்து அசையவே இல்லியாம். உன் கழுத்துல நரம்பு எழும்பிச்சாம்.

— தெரியுமா அவங்களுக்கு?

— அன்னிலேருந்து தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டா என்கிட்ட அப்படி ஒரு கேள்வி கேட்டாங்க?

— தெரிஞ்சதாலதான் கேட்டாங்க. “நாளைக்கு இதைக் கேப்பேன். உங்க தங்கச்சி இல்லன்னுதான் சொல்லுவாங்க. நீங்க பேசுங்க. நீங்க ஆமான்னு சொன்னா நானும் பார்த்தேன்னு சொல்லுவேன், அங்கயே கையெழுத்துப் போடுவேன். ரூமை விட்டு வார்த்தை வெளிய போகாது, உங்க வேலைக்கும் ஒண்ணும் வராது. ஆனா நீங்க வாயைத் திறக்காம நான் திறக்க மாட்டேன், அது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கறது”ன்னாங்க. ரூம்ல வாய் வரலன்னா அஞ்சு மணிக்குள்ள மேல வாங்கன்னும் சொல்லியிருந்தாங்க.

— நேத்து.

— நேத்து மத்தியானம்.

— நேத்து சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினியே.

— அதைச் சொல்லத்தான் பண்ணினேன்.

— என்ன கலர்ல டிரெஸ் போடப் போறன்னு கேட்ட.

— ஆமா.

— நீலம்னேன். நல்லா இருக்கும்னு சொன்ன.

— நல்லாத்தான் இருக்கு, பாப்பா.

— இந்தக் கேள்வி வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருக்க மாட்டேனே, அண்ணா. உன் வாயே வேண்டியிருந்திருக்காதே.

— தெரியும்.

— தெரியுமா?

— அதனாலதான் சொல்லல. ஏதாவது பேசு. திட்டணும்னா திட்டு. அம்மாவைக் கூப்பிட்டு இப்பவே சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— ஏன் அந்தத் துணியை மடிக்கற, பாப்பா? அது கிடக்கட்டும். நான் அள்ளி வெக்கறேன்.

— பாப்பா, உன் மவுத்பீஸ் இங்க ஜன்னல்ல இருக்கு. இந்தா. சரி, நீயே எடுத்துக்க.

— இங்க பாரு, பேர் போயிடும்னு பயந்துட்டேன்னு நினைக்காத. வேலைக்கு ஒண்ணும் வராதுன்னு அவங்கதான் சொல்லிட்டாங்களே. பேருக்காக இல்ல. அதை மட்டும் நம்பு.

— உன் ட்ரம்பெட் பெட்டியைக் குடு, அண்ணன் தூக்கிட்டு வர்றேன். கனமா இருக்கும்.

— பாப்பா, நில்லு. அந்தக் கொப்புளம் ஆறினதுக்கு அப்புறம் மேல் ஸ்வரம் எனக்குத் திரும்பி வரவே இல்ல. ரெஸ்ட்டுக்காக நான் விரலைத் தூக்கல, ஒண்ணுகூட வராமத்தான் தூக்கறேன். நீ இங்க வந்துட்டா ஆர்க்கெஸ்ட்ராவுல என் பக்கத்துல யாரு உக்காருவா?